தேய்மானம் என்று எழுதிய ஓட்டை

ராணுவ உடைக் கிடங்கின் பின்கட்டில் எட்டு மேசை போட்ட தையல் கூடம் ஒன்று இருந்தது. அங்கே அவளை எல்லோரும் டார்னிங்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. நாற்பத்தாறு வயது, இடதுகைக்காரி. கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது, ஓரம் அடிப்பது எல்லாம் மற்ற மேசைகளின் வேலை. இவள் அதே துணியின் மடிப்புக்குள்ளிருந்து இழையை உருவி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்து, ஓட்டை இருந்த இடத்தில் துணியையே திரும்ப நெய்துவிடுவாள். முடித்ததும் மேற்பார்வையாளர் வந்து விரலால் தடவிப் பார்ப்பார். "எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அது ஒன்றுதான். இருபத்து மூன்று வருஷமாக அவளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

கூடத்துக்கு வருகிற சட்டையும் காற்சட்டையும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் போட்டிருந்தவை. துவைத்து, தைத்து, காலருக்குள் எழுதிய பழைய எண்ணை மையால் அடித்துவிட்டுப் புது எண் எழுதுவார்கள். பிறகு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வேலைச் சீட்டில் 'சேதத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குண்டு என்று யாரும் எழுத மாட்டார்கள். தீ, கத்தி, வெடிச்சில்லு எதையும் எழுத மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: தேய்மானம். இடது மார்பில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தாலும் தேய்மானம்.

"நெஞ்சு தேஞ்சே செத்திருக்கான் பாவம்," என்பாள் பக்கத்து மேசைக்காரி. பித்தளைப் பொத்தான்களை எண்ணித் தைக்கிறவள் என்பதால் அவள் பொத்தானக்கா. கூடம் சிரிக்கும். சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை எடுக்கும்.

சீட்டில் எழுதாவிட்டால் என்ன, கைக்குத் தெரியாமலா போகும்? குண்டு நுழைந்த பக்கத்தில் இழைகள் உள்ளே மடங்கியிருக்கும், ஓரத்தில் மை தொட்டு வரைந்ததுபோல ஒரு கறுப்பு வளையம் இருக்கும். வெளியேறின பக்கத்தில் இழைகள் வெளியே விரிந்திருக்கும், வளையம் இருக்காது. நெஞ்சில் நுழைந்திருந்தால் டார்னிங்கம்மா பார்த்தவுடன் சொல்லிவிடுவாள், "இவன் நின்னு வாங்கினவன் பொத்தானக்கா" என்று. முதுகில் நுழைந்த ஓட்டை வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். தலையைக் குனிந்தபடி தைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். பொத்தானக்காவும் அந்த நேரத்தில் நகைச்சுவை எதுவும் சொல்ல மாட்டாள்.

காரணம் தம்பி.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், எல்லைக்குப் போவதற்கு முந்தின வாரம், அவன் புதிதாகக் கொடுத்த மார்புக் கவச உடையோடு வீட்டுக்கு வந்தான். கையில்லாத மேலங்கி மாதிரி, பச்சையும் பழுப்புமாகத் தடித்த நைலான். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, தோளில் பட்டி. தோள்பட்டி அறுக்கிறது என்று சட்டையை விலக்கிக் காட்டினான். சிவந்திருந்தது. அவன் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குச் சின்னதாகிப்போன, மஞ்சள் வாத்துப் படம் போட்ட கவுன் ஒன்று கொடியில் கிடந்தது. அக்கா அதை வெட்டி, மடித்து, பட்டியின் உள்பக்கம் மெத்தென்று வைத்துத் தைத்தாள்.

"ஏன்டா, நெஞ்சுல என்ன இது கறகறங்குது?"

"அட்டைதான்கா."

"அட்டையா? இரும்புத் தகடு வெப்பாங்கன்னாங்களே?"

"தகடு அங்க போனதும் தருவாங்களாம். இப்போதைக்கு அட்டை வெச்சு அனுப்பறாங்க. இல்லேன்னா தொளதொளன்னு தொங்குமில்ல? அணிவகுப்புல பாக்க எடுப்பா இருக்க வேணாமா?"

"குண்டுகிட்ட போயி நான் இன்னும் அட்டைதான், நாளைக்கு வான்னு சொல்லு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மகள், வாத்துகள் அப்பாவோடு ஊருக்குப் போகின்றன என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. பின்வாங்கும்போது முதுகில் குண்டு பாய்ந்து இறந்தார் என்று ஒரே வரி. கூட ஒரு பெட்டி. அதில் கைக்கடிகாரம், பெல்ட், சீப்பு. உடைகள் வரவில்லை. படைப்பிரிவின் மைதானத்தில் ஒரு கல்சுவர் உண்டு. எதிரியைப் பார்த்து நின்று செத்தவர்களின் பெயர்களை அதில் செதுக்குவார்கள். அவனோடு போனவர்களில் பதினோரு பேர் பெயர் ஏறியது. அவன் பெயர் ஏறவில்லை.

ஒரு பெயர் கல்லில் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று வெளியாருக்குத் தோன்றலாம். அந்தத் தெருவில் பாதி வீடு படைக்குப் பிள்ளை அனுப்பிய வீடு. தம்பி மனைவி ஆறு மாதம் தாக்குப்பிடித்தாள்; பிறகு பிறந்த வீட்டுக்குப் போனாள்; பிறகு வேறு ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். குழந்தை அத்தையிடம் தங்கிவிட்டது. அத்தைக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு வரன் வந்தது. வந்தவர்கள் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு, "அந்த ஓடிப்போனவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். தம்பி என்றாள். மீதி டீயை அவர்கள் குடிக்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடத்தில் மூன்று பேரைக் கடித்து வைத்தது. நான்காவது ஆளைக் கடிக்காமல் வேறு வழி கண்டுபிடித்தது. அப்பா என்ன செய்தார் என்று யார் கேட்டாலும், காலமாயிட்டார் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவப் பழகிக்கொண்டது.

அந்தக் குழந்தைதான் வரலாறு படித்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். படித்து முடித்துப் பத்து இடங்களில் நேர்காணலுக்குப் போய்விட்டு, பதினோராவதாகக் கிடங்கின் முன்கட்டில் வந்து சேர்ந்தது. காலங்காலமாகப் போர்வீரர்கள் போட்ட உடைகளையும் கவசங்களையும் வைத்து அங்கே ஒரு காட்சியகம் திறக்கப்போகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் விளக்க அட்டை எழுத வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டிச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம். ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் அவள் எழுதியது, காலமானார். காட்சியகப் பொறுப்பில் இருந்த கேப்டன் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தையல் கூடத்தில் அவளுக்கு அன்றைக்கே 'டிகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காட்சிக்கு வைக்கப்போகும் பழைய துணிகள் எல்லாம் டார்னிங்கம்மாவின் மேசைக்குத்தான் வந்தன. டிகிரியே தூக்கிக்கொண்டு வருவாள். முதலில் வந்தது ஒரு பஞ்சுக் கோட்டு. துணியும் பஞ்சுமாக அடுக்கடுக்காக வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. நிறுத்தி வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும்.

"அம்பு வந்தா இதுல சிக்கிக்கும் அத்தை. இரும்புச் சட்டைக்கு வக்கில்லாத சாதாரண சிப்பாய் போட்டது."

"இரும்புச் சட்டைக்காரனும் உள்ள இதத்தான்டி போட்டிருப்பான்."

"அட, எப்படித் தெரியும்? அதுக்கு நான் மூணு புத்தகம் படிச்சேன்!"

"இரும்பு வளையம் வெட்டத் தடுக்கும், அடியத் தடுக்குமா? மேல ஓங்கிப் போட்டா உள்ள எலும்பு நொறுங்கிடாது? மெத்தை வேணுமில்ல." கோட்டைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். "முன்னாடி பன்னெண்டு அடுக்கு. இங்க ஆறுதான் இருக்கு."

"தகட்டுக் கவசத்துலயும் நெறைய அப்படித்தான். முன்னாடி தடிமன், பின்னாடி மெல்லிசு. எடை குறையணுமில்ல?"

"எடைக்கா?" என்றாள் அத்தை. "திரும்பாதேன்னு சொல்லாம சொல்றான்."

"பஞ்சு மிச்சம் புடிச்சவன் புண்ணியவான்," என்றாள் பொத்தானக்கா. "அவன் மட்டும் வீட்ல முதுகக் காட்டிப் படுத்திருப்பான்."

அடுத்து வந்தது சிவப்புக் கம்பளிக் கோட்டு. இரண்டு வரிசைப் பொத்தான், கழுத்துக்கு அட்டை மாதிரி விறைத்த தோல்பட்டை. பொத்தானக்கா அதைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். மோவாய் தானாகத் தூக்கிக்கொண்டது.

"குனியவே முடியலயே. இதப் போட்டுக்கிட்டுத் துப்பாக்கிய எங்க பாக்கறது?"

"பாக்க வேண்டாம்கா. அந்தக் காலத் துப்பாக்கி குறி பாத்துச் சுடறதில்ல, கூட்டத்தப் பாத்துச் சுடறது. சுட்டா ஒரே புகை. அந்தப் புகைல நம்ம ஆளு எங்க நிக்கறான்னு தளபதிக்குத் தெரியணும். அதுக்குத்தான் சிவப்பு."

"எதிரிக்கும்தானே தெரியும்?"

"தெரியும். துப்பாக்கி நல்லா, தூரமா சுட ஆரம்பிச்சப்புறம்தான் மண்ணு நிறத்துக்கு மாத்தினாங்க."

"மாத்தறதுக்குள்ள எத்தன பேரு போனான்?" என்றாள் அத்தை.

டிகிரி சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. "அது அட்டைல வராது அத்தை. ஒரு அட்டைக்கு நாப்பது வார்த்தைதான்."

கோட்டின் அடிவிளிம்பில் பொடிப்பொடியாகத் துளைகள். பூச்சி அரித்தது. அதைத் தைக்க வேண்டாம், பழசு என்று தெரியட்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். டிகிரி சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அத்தையின் மேசைக்கடியில்தான் கிடப்பாள். அப்போது மனப்பாடமாகச் சொன்ன பாடத்தைக் கையைக் கட்டிக்கொண்டு இப்போது ஒப்பித்தாள்: "கம்பளியைப் பூச்சி தின்னும். பருத்தியை எலி தின்னும். நைலானை எதுவும் தின்னாது."

"மறக்கல பாரு," என்று பொத்தானக்காவிடம் பெருமையாகச் சொன்னாள் அத்தை. அந்த மாதம் முழுக்க அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

கடைசியாக வந்தது நவீன காலத்து மார்புக் கவச உடை. பழைய சீல் வைத்த அறையைக் காலி செய்தபோது கிடைத்ததாம். முன்பக்கத் துண்டு மட்டும்; பின்பக்கம் அங்கே இல்லை. உடை மாட்டும் பொம்மை சுவரை ஒட்டி நிற்கப்போகிறது, பின்பக்கம் எதற்கு? ரத்தம் பட்ட உள்துணியைக் கிடங்கில் எப்போதோ வெட்டி எடுத்திருந்தார்கள். மிஞ்சியது வெளி நைலானும் தோள்பட்டிகளும். எண் இருந்த இடத்தில் மை அடித்திருந்தது. இது நம் காலத்துப் பொருள், பார்க்கப் புதிதாக இருக்க வேண்டும், ஓட்டை தெரியவே கூடாது என்று கேப்டனிடமிருந்து சீட்டு.

ஓட்டை இடது மார்பில், வெளிப் பைக்கு நாலு விரல் கீழே இருந்தது. பட்டிகளை அடியில் மடித்து, துண்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். வெளிவேலை முடிந்த பிறகே உள்பக்கம் பார்ப்பது அங்கே முறை. இறுக்கிக் கட்டியதை நடுவில் அவிழ்த்தால் இழை கோணிவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கறுப்பு வளையம். உள்ளே மடங்கிய இழைகள்.

"இவன் நின்னு வாங்கினவன் பொத்தானக்கா."

"எங்க?"

"நெஞ்சுல. உள்ள தகடு இருந்திருந்தா நடுவுல இவ்வளவு சுத்தமா போகாது. தகடே இல்லாம நிக்க வெச்சிருக்கானுங்க."

"நமக்கெதுக்குடி அதெல்லாம்? தேய்மானம்னு எழுது."

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். பிறகு, டார்னிங்கில் முதல் வேலை எதுவோ அதைச் செய்தாள். கருகின இழை புது இழையைப் பிடிக்காது. அதனால் சின்னக் கத்தரியால் வளையத்தைச் சுற்றி வெட்டி, உள்ளே மடங்கியதை எல்லாம் கிள்ளி எடுத்தாள். தடித்த நைலானில் இழை கோப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இரண்டு நாள் ஆயிற்று, ஊசி மூன்று முறிந்தது. முடித்தபோது பச்சை எங்கே பழுப்பாக மாறுகிறது என்பதுகூட ஒரு இழை பிசகாமல் வந்திருந்தது. இந்தக் கையால் இதற்கு மேல் செய்ய முடியாது என்று அவளுக்கே தோன்றியது. மேற்பார்வையாளர் தடவிப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் சட்டத்திலிருந்து அவிழ்த்துத் தோள்பட்டியைத் திருப்பினாள்.

வாத்துகள்.

மஞ்சள் போய் வெளிறியிருந்தன. ஒன்றுக்கு அலகு பாதிதான் இருந்தது. அன்றைக்குக் கத்தரி பட்ட இடம். சுற்றிலும் தையல் இடப்பக்கம் சாய்ந்து ஓடியது. அந்தக் கிடங்கில் இடதுகைத் தையல் ஒன்றே ஒன்றுதான்.

நாற்காலியை இழுக்காமலே எழுந்துவிட்டாள். அது பின்னால் விழுந்தது. வெட்டிய இழைகளைப் போட்ட தகரத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ராணுவத் துணியின் துண்டு துணுக்கு எதையும் மறுநாளுக்கு வைக்கக் கூடாது, அன்றன்றே எரித்துவிட வேண்டும் என்பது விதி. பின்வாசலில் எரிகலம். அவள் உள்ளே கைவிட்டுத் துழாவினாள். முழங்கை வரை சாம்பலோடு திரும்பி வந்து பொத்தானக்காவின் முன்னால் நின்றாள்.

"நீ கேட்டேல்ல? நின்னு வாங்கினவன்னு சொன்னேன்ல? என் தம்பிக்கா. அது என் தம்பி."

பொத்தானக்கா வாத்தைப் பார்த்தாள். நூலை ஊசியிலிருந்து உருவினாள், திரும்பக் கோத்தாள்.

"காது கேட்டுச்சுடி. கண்ணு பாக்கலயே. ஓட்டை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஓய்வு வாங்க எனக்கு ஒன்றரை வருஷம் இருக்கு." ஒரு பொத்தானைத் தைத்து முடித்துவிட்டு, "மன்னிச்சுடு" என்றாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அத்தை மருமகளைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். பட்டியைத் திருப்பிக் காட்டினாள். டிகிரி பார்த்தாள். ஒரு விரலால் வாத்தைத் தொட்டாள்.

"இது என் கவுன்."

"ம்."

"அப்பாவோடதா?"

"ம். முன்னாடி வாங்கியிருக்கான்டி. நெஞ்சுல. நானே என் கண்ணால பாத்தேன். கறுப்பு வளையம் இருந்துச்சு, இழை உள்ள போயிருந்துச்சு. முதுகுல இல்ல. அவன் ஓடல."

டிகிரி துண்டைத் திருப்பி வெளிப்பக்கத்தை மடியில் விரித்தாள். இடது மார்பில் விரலை வைத்து மேலும் கீழுமாகத் தடவினாள். விளக்கடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள்.

"எங்க அத்தை இருந்துச்சு?"

அத்தை உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்வியை அந்தக் குரலில் அவள் கேட்டதே இல்லை.

கொஞ்சம் தேறியதும் சொன்னாள்: "கேப்டன்கிட்ட போலாம். திரும்ப விசாரிக்கச் சொல்லலாம். அந்தச் சுவத்துல பேரு வரட்டும்."

"எத வெச்சுக் கேப்ப? வாத்த வெச்சா? வாத்து இருந்தா அது அப்பா சட்டைன்னுதான் ஆகும். எங்க சுட்டாங்கன்னு ஆகாது."

"நான் பாத்தேனே."

"நீதான் தேய்மானம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியே."

டிகிரி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பத்து எடத்துக்குப் போனேன் அத்தை. அப்பா படையிலயான்னு கேப்பாங்க, எந்தப் பிரிவுன்னு கேப்பாங்க, எந்தச் சண்டைன்னு கேப்பாங்க. அப்புறம் முகம் மாறும். இங்கதான் முதல் தடவையா யாரும் கேக்கல. இன்னும் ரெண்டு மாசத்துல நிரந்தரம் ஆயிடும்."

"உங்கப்பன் ஓடலடி. அது உனக்கு ஒண்ணுமே இல்லயா?"

"ஓடியிருந்தாலும் எனக்கு அப்பாதானே? ஓடினவன் பொண்ணா இருக்க எட்டு வயசுலேர்ந்து பழகினேன். கஷ்டப்பட்டுப் பழகினேன். இப்ப திடீர்னு நின்னவன் பொண்ணா மாறுன்னா எப்படி?" பட்டியை மெதுவாக மடித்து வைத்தாள். "நான் கெட்டவளா அத்தை?"

"இல்ல," என்றாள் அத்தை. அந்த நேரத்தில் அது பொய்தான்.

மறுநாள் டார்னிங்கம்மா தனியாகக் கேப்டனைப் பார்க்கப் போனாள். மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி போடச் சொன்னார். அறையின் மூலையில் டிகிரி முதுகைக் காட்டிக்கொண்டு கணினியில் விளக்க அட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தை மருமகள் என்று கேப்டனுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று வேலையில் சேர்ந்த அன்றே இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

அவர் முழுவதும் கேட்டார். பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டார். உடையைக் கொண்டுவரச் சொல்லி விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"அம்மா, உங்க வேலை அபாரம். இங்க ஓட்டை இருந்துச்சுன்னு நீங்க சத்தியம் பண்ணினாலும் நான் நம்ப முடியாது. அப்படி இருக்கு."

"இருந்துச்சு சார்."

"சரி, இருந்துச்சுன்னே வெச்சுப்போம். முன்னாடி குண்டு போச்சுன்னா தகடு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. தகடு குடுக்கலைன்னா யார் குடுக்கலைன்னு கேப்பாங்க. அது எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது." பேனாவை மூடினார். "ஆனா ஒண்ணு. மனுன்னு வந்தா வாங்கித்தான் ஆகணும், அது விதி. அக்கா குடுக்க முடியாது. பெத்தவங்க, மனைவி, பிள்ளைங்க குடுக்கலாம். பெத்தவங்க இருக்காங்களா?"

"இல்ல சார்."

"மனைவி?"

"வேற கல்யாணம் ஆயிடுச்சு."

"பிள்ளைங்க?"

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

டார்னிங்கம்மாவுக்கு எதிரே ஒரு ஜன்னல். அதன் வழியே மைதானத்துக் கல்சுவரின் ஒரு முனை தெரிந்தது. பதினாலு வருஷம் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் எதிர்ச் சாரியிலேயே நடந்து, அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். இன்று முழுசாகப் பார்த்தாள். மூலையைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள்.

"பிள்ளைங்க யாராவது இருக்காங்களாம்மா அவருக்கு?"

"இல்ல சார். யாரும் இல்ல."

கேப்டன் தலையாட்டினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது. அவள் எழுந்து, உடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு வரை வந்தாள். அப்போது பின்னால் தட்டச்சுச் சத்தம் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பொம்மைகளுக்கு உடை மாட்டும் வேலை. உள்ளே பஞ்சு அடைத்து, தோளை நிமிர்த்தி, மார்பு விம்மி நிற்கும்படி செய்ய வேண்டும். கடைசிப் பொம்மையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டார்னிங்கம்மா வாங்கிக்கொண்டாள். கவச உடையை மாட்டினாள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் அட்டை வைத்தாள். வைக்கச் சொல்லித்தான் சீட்டு வந்திருந்தது. அப்புறம் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, தான் கோத்த இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி உருவினாள். இரண்டு நாள் நெய்தது கால் மணி நேரத்தில் கையில் வந்துவிட்டது.

இடது மார்பில் ஓட்டை திரும்ப வந்தது. ஆனால் அது பழைய ஓட்டை இல்லை. கறுப்பு வளையம் இல்லை, உள்ளே மடங்கிய இழை இல்லை, ஓரமெல்லாம் கத்தரியால் வெட்டின மழுமழுப்பு. அந்தக் கூடத்திலேயே ஓட்டை படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளாலேயே அதைப் படிக்க முடியவில்லை. இருந்தாலும் ஓட்டை ஓட்டைதானே, யாராவது ஒருவர் கேட்பார்கள், கேட்டால் சொல்லத்தான் வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். பொம்மைக் கூண்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் கிடங்கு ஊழியர்களையும் ஒரு மணி நேரம் உள்ளே விட்டார்கள். டார்னிங்கம்மாவும் பொத்தானக்காவும் வரிசையின் கடைசியில் நடந்தார்கள். டிகிரி புதுச் சீருடையில் முன்னால் நின்று, தெளிவாக, பயமில்லாமல் பேசினாள். இரும்பு வளையச் சட்டையில் எத்தனை ஆயிரம் வளையம் என்று சொன்னாள். பஞ்சுக் கோட்டைப் பற்றிச் சொல்லும்போது, முதுகில் ஆறு அடுக்குதான், முன்னால் பன்னிரண்டு, ஏன் தெரியுமா என்று கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்தி, "எடை குறையத்தான்" என்றாள். சிவப்புக் கோட்டுக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். புகைக் கதையை அவள் அவ்வளவு நன்றாகச் சொன்னாள். கேப்டன் ஓரத்தில் நின்று திருப்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிக் கண்ணாடிக் கூண்டுக்கு வந்தார்கள். அட்டையில் நாற்பது வார்த்தை இருந்தது. உள்ளே வைக்கப்படும் கடினத் தகடு குண்டைத் தடுத்து வீரரின் உயிரைக் காக்கும் என்று அதில் ஒரு வரி. வாத்துகள் பொம்மையின் தோளுக்கும் பட்டிக்கும் நடுவில், யாருக்கும் தெரியாமல் நசுங்கிக் கிடந்தன.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, எட்டு வயது இருக்கும், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது.

"மிஸ், அங்க ஓட்டை இருக்கு."

"எங்கம்மா?"

"நெஞ்சுல. அது என்ன ஓட்டை?"

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். டிகிரி ஓட்டையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளின் தலைக்கு மேலே, வரிசையின் கடைசி வரை பார்த்தாள். அத்தையின் கண்ணை அவள் கண் தொட்டது. உடனே எடுக்கவும் இல்லை.

"பழைய துணி இல்லயா?" என்றாள். "பூச்சி அரிச்சிருக்கு."

பெண்பிள்ளை சரி என்று தலையாட்டியது. வெளியே போகும் வழி அந்தப் பக்கம் என்று டிகிரி கையைக் காட்டினாள். பிள்ளைகள் கல்சுவர் இருக்கும் பக்கமாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் ஓடுவதை யாரும் கண்டிக்கவில்லை.

பொத்தானக்காவுக்குத் தாங்கவில்லை. டார்னிங்கம்மாவின் காதருகே குனிந்து, "நைலானையாடி?" என்றாள். "நைலானப் பூச்சி அரிக்கும்னு எவ சொன்னா?"

"சும்மா இரு பொத்தானக்கா," என்றாள் டார்னிங்கம்மா. "அவ வேலைல இருக்கா."